பொற்கை வேண்டாம், பிடிக்கும் கை வேண்டும்

பொற்கைப் பாண்டியன் கதையைக் கேளாத தமிழ் மாணவர் நம்மிடையே இருக்க முடியாது. நள்ளிரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய குற்றத்துக்காகத் தன் கையைத் தானே துணித்துக்கொண்டான் அம்மன்னன். பின்னர்ப் பொன்னால் ஒரு கை செய்து பொருத்திக்கொண்டான் என்பது கதை. நீதிக்கு அது நிகரற்ற சின்னம். ஐயமில்லை. ஆனால் அந்தப் பொற்கை ஒரு பிடி சோற்றை எடுத்து வாயில் இட்டிருக்குமா? ஓலையில் ஓர் எழுத்தை எழுதியிருக்குமா?

மன்னனுக்கு அது பெரிய குறையன்று. ஏவினால் ஓடிவர நூறு பேர் இருந்தனர். தாராவிச் சந்தில் தோல் தைத்துப் பிழைக்கும் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்? அவனுக்குக் கை போனால் கூலி போகிறது. கூலி போனால் குடும்பத்தின் அடுப்பு அணைகிறது. அவனுக்கு வேண்டியது பொன்னால் ஆன கையன்று, பிடிக்கும் கை.

இன்று உலகெங்கும் செயற்கைக் கை கால்களுக்கு விசையூட்டவும், மனம் நினைத்தபடி அவற்றை இயக்கவும் புதுப்புது வழிகள் கண்டறியப்படுகின்றன. 'எண்ணத்தால் இயங்கும் கை' என்று செய்தித்தாள்கள் வியந்து எழுதுகின்றன. வியப்பது தவறன்று. ஆனால் அவ்வளவு அறிவையும் பொருளையும் செலவிட்டு நாம் ஆக்குவது மீண்டும் ஒரு பொற்கைதானா? அணிகிறவனைக் கேளாமல், அவன் வாழும் ஊரை நினையாமல் ஆக்கப்படும் எந்தக் கையும் பொற்கையே என்பது என் கருத்து. பிடிக்கும் கையை ஆக்கும் தகுதி மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் செம்பூருக்கும் இடையே வாழும் நமக்கு உண்டு என்பதும் என் கருத்து.

இக்கேள்வி மும்பைத் தமிழர்க்கு எட்டாத கேள்வியன்று. இந்நகரை வாழவைப்பது இரயில். உயிர் குடிப்பதும் அதுவே. 2023 ஆம் ஆண்டில் மட்டும் புறநகர் இரயில் பாதைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தும் கையையோ காலையோ இழந்தவர்கள் பலர். 2014 ஜனவரியில் காட்கோபர் நிலையத்தில் வண்டியேற முயன்ற பதினாறு வயது மாணவி ஒருத்தி, நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையே இருந்த இடைவெளியில் வீழ்ந்து இரு கைகளையும் இழந்தாள். நகரமே கலங்கியது. அவளுக்கு மின்விசைக் கைகள் பொருத்தப்பட்டன. ஆறாண்டுகள் கழிந்து, 2020 ஆகஸ்டில், பரேலில் உள்ள ஒரு மருத்துவமனையில் அவளுக்கு மனிதக் கைகளே பொருத்தப்பட்டன. சென்னையில் மூளைச்சாவடைந்த ஒருவரின் குடும்பம் ஈந்த கைகள் அவை. விமானத்தில் இங்கு வந்தன. யாரோ ஒரு தமிழ்நாட்டுக் குடும்பத்தின் கொடை மராட்டிய மண்ணில் ஒரு பெண்ணின் கையாயிற்று என்று எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

ஆயினும் இந்தப் பேறு எல்லார்க்கும் கிட்டுவதன்று. கொடையாளி கிடைக்க வேண்டும். அறுவையில் தேர்ந்த மருத்துவர் குழு வேண்டும். புதிய கையை உடல் ஒதுக்கிவிடாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். ஆகவே கை கால் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் செயற்கை உறுப்பே துணை. 'செயற்கை' என்னும் சொல்லுக்குள்ளேயே ஒரு கை இருக்கிறது. அது செயல் புரியும் கையாக வேண்டாமா?

செயல் புரிய விசை வேண்டும். அந்த விசை எங்கிருந்து வரும்? விஞ்ஞானம் இதுவரை மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது.

முதல் வழி மனிதனின் தோள். முதுகில் ஒரு வார். அதிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பி போன்றதொரு கம்பி. தோளை முன்னே அசைத்தால் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும். விட்டால் ரப்பர் வளையம் அதை மூடிவிடும். பார்வைக்கு அழகில்லை. ஆனால் மின்சாரம் வேண்டாம், மழைக்கு அஞ்ச வேண்டாம், தெருமுனைத் தொழிலாளியே பழுது பார்த்துவிடலாம். கொக்கி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கம்பியின் இழுப்பே தோளுக்கு உணர்த்தும். நூறாண்டு கடந்தும் இம்முறை ஒழியாமைக்குக் காரணம் இதுவே.

இரண்டாவது வழி அழுத்தப்பட்ட வாயு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் இதை முயன்றனர். குப்பியைச் சுமந்து திரிவதும், தீரத் தீர நிரப்புவதும் பெருந்தொல்லையாயின, முறை வழக்கொழிந்தது.

மூன்றாவது வழி மின்கலம். கைப்பேசிகளுக்காக வளர்ந்த லித்தியம் மின்கலம் செயற்கைக் கைக்கும் வரமாக வந்தது. சிறிது, இலேசு, ஆற்றல் மிக்கது. ஆனால் ஒவ்வோர் இரவும் அதற்கு மின்னூட்ட வேண்டும். சில ஆண்டுகளில் அது சோர்ந்துவிடும். அப்போது புதியது எங்கே கிடைக்கும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

விசை கிடைத்தால் மட்டும் போதுமா? ஆணையிடுவது யார்? இங்குதான் விஞ்ஞானம் கவிதையை வென்றுவிடுகிறது. கை போய்விட்டாலும் கையை ஆட்டிய தசைகள் யாவும் போய்விடுவதில்லை. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டருகே கையை இழந்த ஒருவர் 'விரலை மடக்கு' என்று நினைத்தால், இல்லாத விரலுக்காக இருக்கும் தசை சுருங்குகிறது. அப்போது தோலின் மேல் மிக நுண்ணிய மின்னழுத்தம் தோன்றும். ஒரு வோல்ட்டை ஆயிரம் கூறு செய்தால் அதில் ஓரிரு கூறு. பல வேளைகளில் அதனினும் குறைவு. அதை ஏந்திப் பெருக்கி ஒரு சிறு மோட்டாரை ஓட்டினால் செயற்கைக் கை மூடும். எதிர்த் தசையைச் சுருக்கினால் திறக்கும்.

இது நேற்று முளைத்த எண்ணமன்று. 1948 ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியரான ரைன்ஹோல்ட் ரைட்டர் இம்முறையை வெளியிட்டார். 1950களின் இறுதியில் மாஸ்கோவில் கோப்ரின்ஸ்கி குழுவினர் டிரான்சிஸ்டரின் துணையால் அதை உடலில் சுமந்து செல்லத் தக்கதாக்கினர். 2000களின் தொடக்கத்தில் சிகாகோவில் டாக்டர் டாட் குய்க்கென் இன்னும் ஒரு படி ஏறினார். தோளோடு கையிழந்தவரின் கை நரம்புகளை மார்புத் தசையில் இணைக்கச் செய்தார். கையை மடக்க நினைத்தால் மார்புத் தசை துடிக்கும். அத்துடிப்பு யந்திரக் கைக்கு ஆணையாகும்.

காலிலும் இதே முன்னேற்றம். 1997 இல் வெளிவந்த ஜெர்மன் நாட்டு 'சி-லெக்' என்னும் முழங்காலில் ஒரு சிறு கணிப்பொறி அமர்ந்து, எவ்வளவு வளைந்தது, எவ்வளவு பாரம் விழுந்தது என்று அளந்து, விழாதபடி மூட்டைத் தாங்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹியூ ஹெர் என்பவரின் குழு 2024 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. காலை வெட்டும்போதே எதிரெதிர்த் தசைகளை மீண்டும் இணைத்து வைத்தால், மூட்டு எங்கே இருக்கிறது என்னும் உணர்வு மூளைக்கு ஓரளவு திரும்புகிறது. அவ்வாறு அறுவை செய்துகொண்டவர்கள், மற்றவர்களைவிட 41 விழுக்காடு கூடுதல் வேகத்தில் நடந்தனர். ஹியூ ஹெர் யார்? 1982 இல் மலையேறும்போது பனியில் சிக்கி இரு கால்களையும் இழந்தவர். அணிகிறவனே ஆராய்ச்சியாளனானான், விளைவு இது.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். ஆய்வுக்கூடத்தில் அழகாக விரலசைக்கும் கை, அக்டோபர் மாத மும்பை வெயிலில் என்ன செய்யும்? எஞ்சிய கையைப் பற்றி நிற்கும் கூட்டினுள் வியர்வை பெருகும். கூடு நழுவும். மின்முனை இருந்த இடம் மாறும். நுண்ணிய மின் குறி குழம்பும். 'திற' என்றால் மூடும். 'மூடு' என்றால் வாளாவிருக்கும். மாலை ஆறு மணிக்குத் தாதர் நிலையத்தில் கூட்டம் நெருக்கும்போது அக்கை நம்பத்தக்கதா? ஜூலை மழையில் நனைந்தால் என்ன ஆகும்? கம்பி ஒன்று அறுந்தால் பெட்டியில் வைத்துக் கடல் கடந்து அனுப்புவதா?

இவை கற்பனைக் குறைகளல்ல. அதற்கு முந்திய கால் நூற்றாண்டில் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007 இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். மின்விசைக் கை பெற்ற வயதுவந்தோரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் அதைக் கைவிட்டுவிட்டனர். கம்பியால் இயங்கும் கையின் கதியும் ஏறத்தாழ அதுவே. குழந்தைகளிடையே கைவிட்டோர் இன்னும் அதிகம். வளமிக்க நாடுகளிலேயே நிலை இதுவானால், ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் பரண்மேல் ஏறிவிடும் கைகள் எத்தனையோ!

கோளாறு விஞ்ஞானத்தில் இல்லை, வினாவில் இருக்கிறது. 'எத்தனை விரல் அசைகிறது?' என்று கேட்டோம். 'காலை முதல் இரவு வரை இதைக் கொண்டு என்ன செய்ய விரும்புகிறாய்?' என்று அணிகிறவனைக் கேட்கவில்லை. சுமை தூக்குகிறவனுக்குக் கொக்கியே போதும், கொக்கியே நல்லது. தையற்காரிக்குத் துணியை அழுத்திப் பிடிக்கும் இரு விரல் வேண்டும். மாணவனுக்கு எழுதுகோல் நழுவாத பிடி வேண்டும். எல்லார்க்கும் ஒரே கை என்பது எல்லார் காலுக்கும் ஒரே செருப்பு என்பது போலத்தான்.

வினாவைச் சரியாகக் கேட்டால் என்ன விளையும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மேல்நாட்டுச் செயற்கைக் கால் பூட்ஸ் அணிந்து நாற்காலியில் அமர்வோருக்காகச் செய்யப்பட்டது. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வெறுங்காலோடு வயலில் இறங்கும் இந்தியனுக்கு அது ஒத்துவரவில்லை. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி. கே. சேத்தியும், அதிகம் பள்ளி சென்றறியாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பரால் ஒரு பாதத்தை ஆக்கினர். அதுவே ஜெய்ப்பூர் கால். டாக்டருக்கு எலும்பு தெரியும். கைவினைஞருக்குப் பொருளின் குணம் தெரியும். ஒருவரை ஒருவர் மதித்ததால் வந்தது அந்தப் பாதம்.

அதன் பெருமையை நாடறியச் செய்தவர் நம் மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்ணே! 1981 இல் திருச்சி அருகே நேர்ந்த பேருந்து விபத்தில் வலக்காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோடு பயின்று 1984 இல் மீண்டும் மேடையேறிப் பரதம் ஆடினார். அந்தக் காலில் மோட்டார் இல்லை, மின்கலம் இல்லை. விசை அவருடைய உள்ளத்திலிருந்து வந்தது. ஆனால் அதையே காட்டி, 'மன உறுதி இருந்தால் போதும், விஞ்ஞானம் எதற்கு?' என்று சொல்வோரை நான் மறுக்கிறேன். உறுதி அவருடையது, அவ்வுறுதிக்கு ஒத்துழைக்கும் பாதத்தைத் தந்தது விஞ்ஞானம். சமுதாயம் தன் பங்கைச் செய்ததா? 2021 இல்கூட, விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று அவர் பிரதமருக்கு வெளிப்படையாக முறையிட வேண்டியிருந்தது!

இந்தியாவில் விசையும் அறிவும் கொண்ட உறுப்புகளுக்கான முயற்சி இல்லாமல் இல்லை. 2022 இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் குழுவினர் 'கதம்' என்னும் முழங்கால் மூட்டை வெளிக்கொணர்ந்தனர். அதில் மின்சாரம் இல்லை. ஆயினும் நன்கு மடங்குவதால் ஆட்டோவிலும் பேருந்திலும் நெருக்கி அமர முடிகிறது. அதே ஆண்டில் இஸ்ரோ, கணிப்பொறி தாங்கும் முழங்கால் ஒன்றைச் செய்து சோதித்ததாக அறிவித்தது. அதன் எடை 1.6 கிலோ. இறக்குமதியாகும் இத்தகைய முழங்கால் பல இலட்சம் ரூபாய் பெறும். இது பத்தில் ஒரு பங்கு விலையில் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். வரவேற்போம். ஆனால் விண்வெளிக் கூடமும் ஐ.ஐ.டி.யும் மட்டுமே செய்ய வேண்டிய வேலையா இது?

நண்பர்களே, நாம் வாழும் இடத்தைச் சற்றே கண் திறந்து பாருங்கள். 1887 இல் தோன்றிய வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிலையம் இன்று மாட்டுங்காவில் இருக்கிறது. மோட்டாரும் மின்னணுவும் அங்கே பாடம். அருகிலேயே வேதியியல் தொழில்நுட்ப நிலையம். பிளாஸ்டிக், ரப்பர் ஆகியவற்றின் குணங்களை அங்கே கற்பிக்கின்றனர். செம்பூரைத் தாண்டினால் டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையம். கதிர்வீச்சுப் பொருளைத் தடித்த சுவருக்கு அப்பால் நின்றபடியே எடுத்து வைக்கும் யந்திரக் கைகளை அங்கே செய்திருக்கிறார்கள். மனிதக் கையின் அசைவை இன்னொரு கைக்குக் கடத்தும் கலை நமக்கு அயலில்லை. தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிலையம். மனிதனிடம் கேட்டறியும் கலை அங்கே பயிற்சி. சயானில் மாநகராட்சி மருத்துவமனை. ஹாஜி அலியில் 1955 இல் தொடங்கிய அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம்.

இவற்றின் நடுவே தாராவி! திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் தோல் பதனிட்டு வளர்த்த தாராவி. பதனிடும் தொழில் ஏறத்தாழ வெளியேறிவிட்டது. தோற்பொருள் செய்யும் கைத்திறன் இன்றும் நிற்கிறது. பிளாஸ்டிக்கை உருக்கி வார்ப்போர் உண்டு, உலோகம் வளைப்போர் உண்டு, தைப்போர் உண்டு, உடைந்த கைப்பேசியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்து மூடும் இளைஞர் உண்டு. ஒரு செயற்கைக் கைக்கு வேண்டியவை யாவை? தோல் வார், பிளாஸ்டிக் கூடு, உலோக மூட்டு, மின்சுற்று. நான்கும் ஒரே தெருவில் கிடைக்கின்றன. அந்தப் பட்டறைகளிலேயே காப்பில்லாத யந்திரங்கள் விரல்களைக் கொய்கின்றன என்பதையும் மறவாதீர்கள். தேவையும் திறமையும் ஒரே சந்தில் அருகருகே குடியிருக்கின்றன. அவற்றை அறிமுகம் செய்துவைக்கத்தான் ஆளில்லை.

சிலர் கேட்பர்: 'முதலில் விபத்தைத் தடுக்க வேண்டாமா?' கட்டாயம் தடுக்க வேண்டும். நடைமேடையை உயர்த்துவதும் யந்திரத்துக்குக் காப்பிடுவதும் எந்தச் செயற்கைக் கையையும்விடச் சிறந்தவை. ஆனால் நாளைய விபத்தைத் தடுப்பது நேற்றுக் கையிழந்தவனுக்கு விடையாகாது. வேறு சிலர் சொல்வர்: 'ஏழைக்குச் சோறே பெரிது, மின்விசைக் கை ஆடம்பரம்.' இஃது இரக்கம் போல் தோன்றும் அலட்சியம். செல்வனுக்குக் கை இல்லாவிடினும் வருவாய் நிற்காது; உழைப்பாளிக்கோ கையே சோறு. தன் கையே தனக்குதவி என்ற பழமொழி எவனுக்கு மிகப் பொருந்துமோ, அவனுக்கே நல்ல கை முதலில் சேர வேண்டும்.

ஆகவே மூன்று செய்திகளை வலியுறுத்துகிறேன். முதலாவது அரசுக்கு. ஊனமுற்றோர்க்குக் கருவி வழங்கும் திட்டம் 1981 முதல் நடைபெறுகிறது. கான்பூரில் 1972 இல் நிறுவிய அரசுத் தொழிற்சாலையும் இருக்கிறது. 2016 இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தது. நன்று. ஆனால் முகாமில் கையைக் கொடுத்துப் புகைப்படம் எடுப்பதோடு கடமை முடியவில்லை. பழுது பார்ப்பதையும் மின்கலம் மாற்றுவதையும் கூட்டைச் சரிசெய்வதையும் ஆண்டுக் கணக்கில் அதே உதவியின் பகுதியாக்க வேண்டும். கை கொடுத்தவர் கைவிடலாகாது.

இரண்டாவது செய்வோர்க்கு. கடையில் கிடைக்கும் திருகாணி, கடையில் கிடைக்கும் மின்கலம், எவரும் படித்தறியத் தக்க வரைபடம் - இவற்றைக் கொண்டே கை அமையட்டும். தாராவிப் பட்டறையில் பழுது பார்க்க முடியாத கை மும்பைக்கு உகந்த கையன்று.

மூன்றாவது நமக்கு. பொறியியல் மாணவர் ஒவ்வோர் ஆண்டும் இறுதித் தேர்வுக்காக யந்திரக் கைகளைச் செய்கிறோம். மேசைமேல் அது விரலசைத்ததும் மதிப்பெண் கிடைக்கும். மறுநாள் அது அலமாரியில் உறங்கும். இனி அப்படி வேண்டாம். கை இழந்த ஒருவரை முதல் நாளே நம் குழுவில் சேர்ப்போம். தேர்வாளர் அவரே என்போம். பொறியியல் மாணவர் மருத்துவ மாணவரோடும், இருவரும் தாராவிக் கைவினைஞரோடும் உட்காரட்டும். தமிழ் அங்கே நமக்குச் சாவி. மராட்டியும் இந்தியும் துணை. நம் மன்றம் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதோடு, திங்களுக்கு ஒரு ஞாயிறு இதற்கென ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

வெற்றி உடனே வராது. முதற்கை நழுவும், இரண்டாவது கை கனக்கும், மூன்றாவது வியர்வையில் தடுமாறும். ஆனால் ஒரு நாள், ஒரு தையற்காரி அதை மாட்டிக்கொண்டு முழுநாள் வேலை செய்து, மாலையில் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் காலை தானாகவே மீண்டும் எடுத்து மாட்டிக்கொள்வாள். அந்த மறுநாள் காலைதான் நமக்குத் தேர்வு முடிவு. அதில் தேறுவோம், வாருங்கள்!